பெட்டி போய்ச் சாவி வந்தது

சினிமா வியாபாரத்தில் டிஜிட்டல் யுகம் பிறந்துவிட்டது, தூரம் என்பது ஒழிந்துவிட்டது, இனிச் சென்னைக்கு ஒரு நீதி செம்பனைக் காட்டுக்கு ஒரு நீதி என்பதில்லை என்று சில காலமாகப் பலர் சொல்லி வருகிறார்கள். மயிலாப்பூரில் ஒருவர் பார்க்கும் படத்தை அதே நாளில், அதே தெளிவில் கிள்ளானில் ஒருவர் பார்க்கலாம்; ஆகவே படம் விநியோகிக்கும் தொழிலில் சமத்துவம் வந்துவிட்டது என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தின் முற்பாதி உண்மை. பிற்பாதியைத்தான் சற்றுத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நாம் சினிமா வியாபாரியல்ல. தோட்டத்து ஆபீசில் செக்ரோலும் கணக்கும் எழுதிப் பிழைக்கும் கிராணி. ஆனால் கணக்கெழுதுகிறவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கேனும் ஒரு செலவு குறைந்தது என்று சொன்னால், குறைந்த பணம் யாருடைய பேரேட்டில் வரவாக ஏறிற்று என்று அவன் கேட்காமல் விடுவதில்லை. அந்தக் கேள்வியையே இங்கும் கேட்கிறோம்.

முதலில் பழைய பெட்டியைப் பற்றி இரண்டு வார்த்தை. 35 மில்லிமீட்டர் பிலிம் இயந்திரத்தில் நிமிடத்துக்கு 90 அடி வீதம் ஓடும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப்படம் என்றால் 13,500 அடி, அதாவது நான்கு கிலோமீட்டருக்கு மேல். புக்கிட் ரோத்தான் கடைத்தெருவில் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு உருட்டிவிட்டால் அது கோலசிலாங்கூர்ச் சாலையில் வெகுதூரம் போய் நிற்கும். இவ்வளவு பிலிமும் சுருள் சுருளாகத் தகர டப்பாக்களில் அடைபட்டு, ஓர் ஆள் தூக்கத் திணறும் சுமையாக ஊர் ஊராகப் போகும். ஒரு பிரதி எடுக்க அரை லட்ச ரூபாய்க்கு மேல் பிடித்தது. ஆகையால் பெரும் படமுதலாளிகூட எண்ணி எண்ணித்தான் பிரதி எடுப்பார். பெரிய நகரத்துக் கொட்டகையில் ஓடி முடிந்த பெட்டி அடுத்தபடி ஊருக்கும், அங்கிருந்து கீற்றுக் கொட்டகைக்கும் இறங்கும். தமிழ்நாட்டில் இதற்கு ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர் என்று வருணாசிரமத்தைப் போலவே ஒரு படிக்கட்டு வகுத்து வைத்திருந்தார்கள்.

கடல் கடந்த நமக்கும் அந்த வியாபாரத்தில் ஒரு பெயர் உண்டு. மதுரை–ராமநாதபுரம், திருச்சி–தஞ்சாவூர் என்று ஏரியா ஏரியாவாகப் படத்தை விற்கும்போது, 'எப்.எம்.எஸ்.' என்றும் ஓர் ஏரியா விற்கப்படும். அயல்நாடு, மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம் அது. இதே மூன்றெழுத்து நம் பாட்டன்மார் காலத்தில் சிலாங்கூரையும் உள்ளிட்ட நான்கு மலாய் ராஜ்யங்களின் கூட்டாட்சிக்கு வழங்கிய பெயர். அந்தக் கூட்டாட்சி 1946ல் முடிந்துபோயிற்று. எழுத்து மூன்றும் படக்கடையில் வியாபாரம் செய்துகொண்டிருக்கின்றன!

நமது பக்கத்தில் பெட்டியின் பயணம் எப்படி முடிந்தது என்பதை ஈஜோக், ஜெராம், ராஜா மூசா வட்டாரத்து முதியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். கோலாலம்பூர்க் கொலிசியம் போன்ற கொட்டகைகளில் ஓடி, கிள்ளானுக்கு வந்து, சின்னப் பட்டணங்களைச் சுற்றி, தேய்ந்து கீறல் விழுந்த நிலையில் படம் தோட்டத்துக்கு வரும். சம்பளம் போட்ட வாரமோ, கோயில் திருவிழாவோ, தீபாவளியோ வந்தால் திடலில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். சாக்கும் பாயும் கொண்டுபோய்ப் பொழுதோடு இடம் பிடிப்பார்கள். இயந்திரம் ஒன்றே என்பதால் சுருள் மாற்றும்போதெல்லாம் படம் நிற்கும். அந்த இடைவெளியில் கச்சாங் பூத்தே விற்பவருக்கு நல்ல வியாபாரம். இதைப் பொற்காலம் என்று கொண்டாட நாம் வரவில்லை. நகரத்தான் பார்த்து மறந்துவிட்ட படத்தை மிச்சம் மீதியாகப் பெறுவதில் என்ன பெருமை இருக்கிறது? துரைக்கு நாற்காலி, பால்வெட்டுக்காரனுக்குத் தரை என்ற ஏற்பாட்டில்தான் என்ன பெருமை இருக்கிறது?

ஆயினும் அந்த மெதுவான பயணத்தில் யாரும் வேண்டுமென்று செய்யாத ஒரு நன்மை கலந்திருந்தது. பெட்டிக்கு முன்னால் பேச்சு வந்து சேர்ந்தது. படம் நல்லதா, ஆபாசக் குப்பையா என்பது கிள்ளானில் பார்த்தவர் வாயிலாகத் தோட்டத்துக்கு எட்டிவிடும். பெரிய நடிகர் நடித்த படம் கவிழ்ந்ததும் உண்டு. பேர் தெரியாதவர் நடித்த படம் மெல்ல மெல்ல ஏறி நூறு நாள் கண்டதும் உண்டு. பார்த்தவன் அபிப்பிராயம் பார்க்காதவனைச் சேர நாள் இருந்தது. அந்த நாளுக்குள் படத்தின் தலையெழுத்தைப் பொதுமக்கள் மாற்றி எழுத முடிந்தது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு வாசகர்கள் மேலே வரவேண்டும்.

எண்பதுகளில் வீடியோ டேப்பு வந்து திடல் காலியாயிற்று. பிறகு இரவுச் சந்தையில் திருட்டு வி.சி.டி. கூறு கட்டி விற்றது. அதற்குள் தோட்டங்களே துண்டு துண்டாகி, ரப்பர் போய்ச் செம்பனை பரவி, நம்மவரில் பெரும்பாலோர் பட்டணத்து ஓரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். இன்று குலை வெட்டுவோரில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தாருமே மிகுதி. அவர்களுக்குத் தமிழ்ப்படம் காட்ட யார் கம்பம் நடப்போகிறார்கள்?

நிற்க. பெட்டியின் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்பதைப் பார்ப்போம். ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் 2002ல் ஒன்றுகூடி, டிஜிட்டல் படம் எந்த விதிப்படி இருக்கவேண்டும் என்று ஆராய்ந்து, 2005ல் ஒரு பொது விதியை வெளியிட்டன. அதன்படி படம் முழுவதும் எண்களாக மாற்றப்பட்டு, நம் கைக்கடக்கமான ஹார்ட் டிஸ்க் ஒன்றில் பூட்டி அனுப்பப்படுகிறது. இதற்கு டி.சி.பி. என்று பெயர். இந்தியாவில் சென்னையின் ரியல் இமேஜ் நிறுவனம் 'க்யூப்' என்னும் முறையையும், பம்பாயின் யு.எப்.ஓ. நிறுவனம் விண்கோள் வழியாகப் படத்தை இறக்கும் முறையையும் கொட்டகைகளில் பரப்பின. 2013ல் ஜப்பானின் பியூஜி நிறுவனம் சினிமாப் பிலிம் செய்வதையே நிறுத்திற்று. கீறல் இல்லை, சுருள் மாற்றம் இல்லை, நூறாவது காட்சியும் முதற்காட்சியைப் போலவே இருக்கும். இவையெல்லாம் மறுக்க முடியாத நன்மைகள். மறுப்பவர் கண் மருத்துவரைப் பார்க்கலாம்.

ஆனால் டிஸ்க் வந்து சேர்ந்ததால் மட்டும் படம் ஓடாது. அதைத் திறக்க ஒரு சாவி தனியே வரவேண்டும். தொழிலில் அதற்குக் கே.டி.எம். என்று பெயர். இரும்புச் சாவியல்ல, மின்னஞ்சலில் வரக்கூடிய ஒரு சிறு கோப்பு. இன்ன கொட்டகையில், இன்ன இயந்திரத்தில், இன்ன தேதி இத்தனை மணி முதல் இன்ன தேதி இத்தனை மணி வரை மட்டுமே இப்படம் திறக்கும் என்பது அதன் சாசனம். மணி தவறினால் டிஸ்க் வெறும் இரும்புத் துண்டு. பெட்டி காலத்தில் பெட்டி எவன் கையில் இருந்ததோ அவனிடம் கொஞ்சம் பலம் இருந்தது. அடுத்த ஊர்ப் பெட்டி தாமதமானால் இன்னும் இரண்டு நாள் ஓட்டிக்கொள்ளலாமா என்று பேரம் பேசக் கொட்டகைக்காரனுக்கு வாய் இருந்தது. இன்று சரக்கு கொட்டகையிலேயே கிடக்கும். அதன் உயிர் வேறோர் ஊரில், வேறொருவர் விரல்நுனியில் இருக்கிறது.

இது வெறும் கற்பனைப் பயமென்று நினைப்பவர்கள் 2025 மார்ச்சு 27ந் தேதியை நினைவு கூரட்டும். விக்ரம் நடித்த 'வீர தீர சூரன்' அன்று வெளியாக வேண்டும். படத்தின் டிஜிட்டல் உரிமை விற்பனை பற்றிப் பணம் போட்ட கம்பெனி ஒன்று டில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க, காலைக் காட்சிகள் நின்றுபோயின. வழக்கு ஒருவாறு தீர்ந்து மாலையில்தான் படம் திறந்தது. நீதிமன்றம் டில்லியில், படமுதலாளி சென்னையில், டிக்கெட்டு வாங்கி வாசலில் நின்றவர் உலகத்தின் நாலு மூலையிலும். பெட்டியாயிருந்தால் எங்கேனும் ஒரு மூலையில் எவனாவது ஓட்டித் தொலைத்திருப்பான்! சட்டத்துக்குச் சாவி நல்லது என்று ஒருவர் சொல்லலாம். நாமும் ஒப்புக்கொள்கிறோம். சாவி எவ்வளவு இறுக்கமான கை என்பதைக் காட்டவே இதைச் சொன்னோம்.

இனிக் கணக்குக்கு வருவோம். பிரதி ஒன்றுக்கு அரை லட்சத்துக்கு மேல் மிச்சமாயிற்றே, அது எங்கே போயிற்று? டிஜிட்டல் இயந்திரம் விலை மிகுந்தது. அதைக் கொட்டகைக்காரன் தலையில் முழுதும் கட்டுவது நியாயமன்று. பிரதிச் செலவு மிச்சமாகிறவர் படமுதலாளி. ஆகவே இயந்திரக் கடன் தீரும் வரை படத்துக்கு இவ்வளவென்று அவர் கட்டணம் தரவேண்டும் என்று அமெரிக்காவில் ஒரு யோசனை செய்தார்கள். வி.பி.எப். என்பது அக்கட்டணத்தின் பெயர். அதாவது 'இல்லாத பிரதிக்குத் தரும் கூலி'. கடன் தீர்ந்தால் கட்டணமும் தீரும் என்பது அங்கே பேச்சு. தமிழ்நாட்டுக்கு வந்தபோது கட்டணம் வந்தது. தீரும் தேதிதான் வந்து சேரவில்லை. இயந்திரத்தின் விலையை நாங்கள் எப்போதோ கட்டித் தீர்த்துவிட்டோம், இன்னும் ஏன் வசூலிக்கிறீர்கள் என்று படமுதலாளிகள் கேட்டார்கள். பராமரிப்பும் சேவையும் இலவசமாக நடக்குமா என்று டிஜிட்டல் கம்பெனிகள் கேட்டன. கொட்டகைக்காரர்கள் இது எங்கள் தலையில் விழக்கூடாது என்றார்கள். முடிவில் 2018 மார்ச்சு 1 முதல் தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம் புதுப்படம் எதையும் வெளியிடுவதில்லை என்று கதவடைத்தது. ஏப்ரல் நடுவில் அரசாங்கத்தின் முன்னிலையில் பேசித் தீர்த்து, 20ந் தேதி 'மெர்க்குரி' வெளியான வரை ஏறக்குறைய ஐம்பது நாள் புதுத் தமிழ்ப்படம் கிடையாது. ரஜினிகாந்தின் 'காலா'வே ஏப்ரலிலிருந்து ஜூனுக்குத் தள்ளிப்போயிற்று. அந்த நாட்களில் சென்னையிலிருந்து வரும் புதுப்படத்தை நம்பியிருந்த கிள்ளான் கொட்டகைகளின் கதி என்னவென்று எந்தக் கட்சியும் கேட்கவில்லை. எப்.எம்.எஸ். என்பது விற்கும் ஏரியா, கலந்துபேசும் ஏரியாவன்று.

இத்தனை சண்டையிலும் டிக்கெட்டு வாங்குகிறவன் பேர் எவர் வாயிலும் வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மிச்சமான பணம் கம்பெனிக்கா, முதலாளிக்கா, கொட்டகைக்கா என்றுதான் வழக்கு. பிரதி மலிந்ததால் டிக்கெட்டு மலியவேண்டாமா என்று கேட்க அவனுக்குச் சங்கமில்லை.

இதைவிடப் பெரிய மாறுதல் ஒன்று நடந்திருக்கிறது. பிரதி எடுப்பதற்குச் செலவிருந்த வரை எத்தனை கொட்டகையில் ஒரே நாளில் திறப்பது என்பதற்கு இயற்கையான ஓர் எல்லை இருந்தது. இன்று சாவி செய்ய அவ்வளவு செலவில்லை. ஆகவே பணபலமுள்ளவர் வெள்ளிக்கிழமை காலையில் ஊரிலுள்ள திரைகளையெல்லாம் வளைத்துக்கொள்ளலாம். கடனுக்கு வட்டி ஏறுகிறது. திருட்டுப் பிரதி இரவே வந்துவிடும். நாலு வாரத்தில் வீட்டுப் பெட்டிக்குக் கொடுத்தாக வேண்டும். ஆகவே முதல் மூன்று நாளில் போட்டதை எடுத்துவிட வேண்டுமென்பதே தொழிலின் தர்மமாகிவிட்டது. நூறு நாள், வெள்ளிவிழா என்ற பேச்சே மறைந்து, முதல்நாள் வசூல் எத்தனை கோடி என்பதே விளம்பரமாயிற்று.

மூன்று நாளில் வசூலாக வேண்டுமென்றால், படத்தைப் பார்க்காமலே டிக்கெட்டு வாங்குகிற ஜனங்கள் வேண்டும். படத்தைப் பார்க்காமலே வாங்கத்தக்க சரக்கு எது? கதையை அப்படி வாங்க முடியாது. டைரக்டரின் திறமையை வெகு சிலரே அறிவார்கள். நடிகரின் முகம் ஒன்றைத்தான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். ஆகவே நட்சத்திர பக்தி இத்தொழிலில் வெறும் பைத்தியக்காரத்தனமாக இருந்தது போய் மூலதனமாகிவிட்டது. கட்டவுட்டுக்குப் பாலாபிஷேகம் செய்யும் இளைஞனைப் பார்த்து நாம் நகைக்கிறோம். அவன் நகைக்கத்தக்கவன்தான். ஆனால் அவனுடைய பக்தியை நம்பி வட்டிக்குப் பணம் வாங்கியிருக்கிறவர்கள் எவ்வளவு படித்தவர்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2023 ஜனவரி 11ந் தேதி 'துணிவு', 'வாரிசு' இரண்டும் நள்ளிரவிலும் விடியற்காலையிலும் திறக்கப்பட்டன. சென்னை ரோகிணிக் கொட்டகையின் அருகே லாரி மீதேறி ஆடிய ஓர் இளைஞர் குதித்து விழுந்து மாண்டார். அவ்வாண்டு அக்டோபரில் 'லியோ' வந்தபோது காலை 9 மணிக்கு முன் காட்சி கூடாதென்று தமிழ்நாட்டு அரசாங்கம் உறுதியாக நின்றது. நல்ல காரியம். ஆனால் ஒரே இரவில் உலகமெங்கும் திறந்து மூன்று நாளில் மூடும் வியாபாரம் இருக்கும்வரை, அதிகாலைப் பைத்தியத்தை ஒன்பது மணிப் பைத்தியமாக்கத்தான் உத்தரவால் முடியும்.

இதன் உச்சம் 2024 முடிவில் நேர்ந்தது. முதற்காட்சி முடிந்தவுடன் கொட்டகை வாசலில் நின்று படம் நன்றில்லை என்று சொல்லுகிற இணையக்காரர்களால் வியாபாரம் கெடுகிறது. படம் வெளியான முதல் மூன்று நாளைக்கு விமர்சனத்துக்குத் தடை வேண்டும் என்று படமுதலாளிகள் சங்கம் ஒன்று சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது. அந்த விமர்சகர்களில் காசுக்கு ஏசுகிறவரும் காசுக்குப் புகழ்கிறவரும் உண்டென்பது நமக்கும் தெரியும். ஆனால் கேட்ட காலம் எவ்வளவு என்று பாருங்கள். மூன்று நாள்! பெட்டிக்கு முன்னால் பேச்சு வந்த காலம் போய், பேச்சுக்கு முன்னால் பெட்டியைக் காலி செய்துவிட வேண்டுமென்ற காலம் வந்துவிட்டதற்கு இதைவிட ஒப்புதல் வாக்குமூலம் வேண்டியதில்லை.

இந்தக் கணக்கு நம்மை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்பதற்கு இரண்டு படங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டும் மலேசியத் தமிழரைப் பற்றியவை. ஏறக்குறைய ஏழு மாத இடைவெளியில் வந்தவை. ஒன்று 2015 டிசம்பர் 17ல் வெளியான 'ஜகாட்'. மற்றொன்று 2016 ஜூலை 22ல் வெளியான 'கபாலி'.

'கபாலி'யை நாம் இழித்துப் பேசப் போவதில்லை. பா. ரஞ்சித் அதில் தோட்டத் தொழிலாளியின் கூலிப் போராட்டத்தைச் சொன்னார். கோட்டு அணிவதிலுள்ள மானத்தைச் சொன்னார். சிறையிலிருக்கும் கதாநாயகன் கையில் ஒடுக்கப்பட்ட குடும்பத்தின் வரலாறு கூறும் புத்தகத்தைக் கொடுத்தார். ரஜினிகாந்தை வைத்துக்கொண்டு இவ்வளவு சொன்னதே துணிச்சல். ஆனால் அப்படத்தில் நம்மவர் துன்பம் ஒரு வீரனுடைய முன்கதையாகத்தான் வருகிறது. துப்பாக்கிச் சத்தம் ஆரம்பித்தவுடன் தோட்டம் மறைந்துபோகிறது. விமானத்தில் படமெழுதி விளம்பரம் செய்து, தெலுங்கிலும் இந்தியிலும் மலாயிலும் குரல் மாற்றி, உலகத்தை வளைத்தது அப்படம். மலேசியப் பிரதியில் மட்டும் கபாலி போலீசில் சரணடைந்தான் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்தார்கள். டிஜிட்டல் சாவிக்கு நாட்டுக்கு ஒரு முடிவு வைப்பதும் எளிது!

'ஜகாட்' சஞ்சய் குமார் பெருமாளின் முதற்படம். 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல் நம்மவர் நாவில் திரிந்ததே அத்தலைப்பு. கெட்டவன், பொல்லாதவன் என்று பொருள். தொண்ணூறுகளின் தொடக்கம். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள். அப்போய் என்னும் சிறுவன். படித்து மேலே வா என்று அடித்து அடித்து வளர்க்கும் கூலிக்காரத் தகப்பன். குண்டர் கூட்டத்தில் ஒரு சித்தப்பன், போதையில் கெட்டு மீண்ட மற்றொருவன். இவ்வளவே கதை. ஆனால் அந்தத் தகப்பனின் அடியில் இருக்கிற பயத்தை அப்படம் காட்டுகிறது. தோட்டம் போனபின் தன் பிள்ளை எங்கே போவான் என்ற பயம் அது. குண்டன் எப்படி உண்டாகிறான் என்பதற்கு 'கபாலி' ஒரு புராணம் சொல்லிற்று; 'ஜகாட்' ஒரு பள்ளிக்கூடத்தையும் ஒரு பிரம்பையும் காட்டி நிறுத்திக்கொண்டது. நமது அபிப்பிராயத்தில் இரண்டாவதே உண்மைக்கு அருகில் நிற்கிறது. பேச்சும் நமது பேச்சு. அப்பேச்சைத் திரையில் கேட்கும்போது உண்டாகும் மகிழ்ச்சியைச் சென்னைப் படம் எதுவும் நமக்குத் தந்ததில்லை.

அப்படம் எந்த வாரத்தில் வந்தது? 'ஸ்டார் வார்ஸ்' புதுப்படம் உலகத்தைக் கலக்கிய வாரத்தில்; தனுஷின் 'தங்கமகன்' சென்னையிலிருந்து வந்த வாரத்தில். நட்சத்திரமில்லை, விமானமில்லை. பேச்சுப் பரவ நாள் வேண்டிய படம் அது. நாள்தான் இன்று கிடைக்காத சரக்கு. உள்நாட்டுப் படத்தைக் கொட்டகைகள் கட்டாயம் திரையிட வேண்டுமென்று நம் நாட்டில் விதி இருக்கிறது. விதியால் திரை கிடைக்கலாம். வேலை முடிந்து தோட்டத்திலிருந்து வருகிறவனுக்கு ஏற்ற நேரமும் கிடைக்குமா? 2016ல் 28வது மலேசியத் திரைப்பட விழாவில் மலாய் மொழியல்லாத படங்களை முதலில் தனிப் பந்தியில் உட்கார வைத்தார்கள். கலைஞர் பலர் எதிர்த்து நின்றபின் அந்தப் பாகுபாடு போயிற்று. 'ஜகாட்' சிறந்த மலேசியப் படமாகத் தேர்வாயிற்று. விழாவில் பந்தி சமமாயிற்று. கொட்டகையில்?

இங்கே டிஜிட்டலின் இரண்டு முகங்களும் ஒருங்கே தெரிகின்றன. 2005ல் தீபக் குமாரன் மேனன் 'செம்மண் சாலை' எடுத்தாரே, பல்கலைக்கழகம் போக விரும்பும் ரப்பர்த் தோட்டத்துப் பெண்ணின் கதை, அப்படிப்பட்ட படம் பிலிம் செலவில் பிறந்திருக்கவே முடியாது. சின்ன டிஜிட்டல் காமிராதான் அதைப் பெற்றது. படமெடுக்கும் கதவை டிஜிட்டல் நமக்குத் திறந்தது. படம் காட்டும் கதவின் சாவியை மட்டும் பெரியவர்களிடமே விட்டுவைத்தது.

வீட்டுக்கே படம் வருகிறதே, கொட்டகை எதற்கு என்பார்கள் சிலர். இவ்வழி ஒரு நாளில் வந்ததன்று. 2012 முடிவில் கமலஹாசன் தமது 'விஸ்வரூப'த்தைக் கொட்டகைக்கு முன்பே வீட்டுத் தொலைக்காட்சியில் காட்டப்போவதாக அறிவித்தார். கொட்டகைக்காரர்கள் எதிர்த்து நின்றதால் பின்வாங்கினார். ஏழாண்டுக்குப்பின் தொற்றுநோய் வந்து கொட்டகைகளை மூடியபோது, 2020 மே 29ல் 'பொன்மகள் வந்தாள்' நேரே அமேசானில் வெளியாயிற்று. அதே தயாரிப்பாளரின் படங்களை இனித் திரையிடோம் என்று கொட்டகைக்காரர்கள் மிரட்டியும் பயனில்லை. அடுத்த ஆண்டு 'சார்பட்டா பரம்பரை'யும் 'ஜெய் பீம்' படமும் அவ்வாறே வந்தன. இருளர் குடியைச் சேர்ந்த ஒருவர் போலீஸ் காவலில் மாண்ட வழக்கைச் சொன்ன 'ஜெய் பீம்' சென்னைவாசியின் வீட்டுக்கு வந்த அன்றே தோட்டத்துக் குடியிருப்புக்கும் வந்தது. சந்தா கட்ட முடிந்தவர்க்கு மட்டும் என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பார்த்தவர்கள் அடுத்த வீட்டுக்காரரை அழைத்துக் காட்டினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இங்கும் சாவி கைமாறவில்லை. 'அன்னபூரணி' என்ற படத்தை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயிலில் பிரசாதம் சமைப்பவரின் மகள் மாமிசம் சமைக்கக் கற்று முன்னேறும் கதை. 2023 டிசம்பரில் கொட்டகைக்கு வந்தபோது இந்தியத் தணிக்கை அதிகாரிகள் அனுமதித்த படம். பிறகு நெட்பிளிக்சுக்குப் போயிற்று. மதத்தின் பேரால் சிலர் கூச்சல் போட்டவுடன் 2024 ஜனவரியில் அது அங்கிருந்து எடுக்கப்பட்டது. பிற்பாடு வேறு வழிகளில் வந்தது வேறு விஷயம். பிலிம் காலத்தில் ஒரு படத்தை ஒழிக்க ஊர் ஊராகப் போய்ப் பெட்டியைப் பிடுங்க வேண்டும். இன்று ஒரு பொத்தான் போதும். சந்தா கட்டியவன் பணம் கொடுத்து வாங்கியது படத்தை அன்று. அவர்கள் மனமிருக்கும் வரை பார்க்கும் அனுமதியைத்தான்.

வீட்டில் பார்ப்பதில் மற்றொரு குறையும் நமக்குத் தோன்றுகிறது. நாலங்குலக் கைப்பேசியில் தந்தை ஒன்று பார்க்கிறார், மகன் ஒன்று பார்க்கிறான், தாயார் தொடர்கதை பார்க்கிறார். 'ஜகாட்' படத்துத் தகப்பனின் பிரம்பைத் தகப்பனும் மகனும் ஒரே இருட்டில் உட்கார்ந்து பார்த்தால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள். படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் அவர்கள் பேசாமலிருந்தாலும் அது ஒரு பேச்சுத்தான்.

ஆகவே திடல் மறுபடி வேண்டும் என்கிறோம். இதற்குத் தடை தொழில்நுட்பத்தில் இல்லை. ஒரு கொட்டகையை இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை திறக்கிற சாவி, ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தையோ கோயில் மண்டபத்தையோ ஓர் இரவுக்கு மட்டும் திறக்க முடியாதா? பெரிய கொட்டகை இயந்திரம்கூட வேண்டியதில்லை. சாதாரணப் புரொஜெக்டரும் மடிக்கணினியும் நல்ல ஒலிபெருக்கியும் போதும். ஆனால் திருட்டுப் பிரதியை வைத்துக்கொண்டு இதைச் செய்யக்கூடாது. வீட்டுச் சந்தாவைக் கொண்டு பொதுமண்டபத்தில் காட்டுவதும் முறையன்று. படமெடுத்தவன் வயிற்றிலடித்து அவன் படத்தைப் பாராட்டுவது என்ன பாராட்டு? தணிக்கை பெற்ற படத்தை உரிமையுள்ளவரிடம் அனுமதி பெற்று, கூலி கொடுத்துக் காட்டவேண்டும்.

இதில் நாம் கண்ட இடைஞ்சல் ஒன்றே. கொட்டகைக்கு விலை உண்டு. தொலைக்காட்சிக்கு விலை உண்டு. இணையக் கம்பெனிக்கு விலை உண்டு. தோட்டத்துக்கு ஓர் இரவு காட்ட என்ன விலை என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பழைய படம்தானே, எடுத்துக்கொள்ளுங்கள் என்று தயாள குணத்தோடு சொல்லுகிறவர் உண்டு. தயவு நமக்கு வேண்டாம். 150 பேர், தலைக்கு 5 ரிங்கிட் என்றால் 750 ரிங்கிட் ஆகிறது. மண்டபமும் மின்சாரமும் போக மீதியில் படக்காரருக்கு ஒரு பங்கு. ஈஜோக், ஜெராம், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று பத்து இடத்தில் நடந்தால் அது பிச்சைக்காசு ஆகாது. உள்நாட்டுத் தமிழ்ப்படம் எடுப்பவர்கள் தங்கள் படம் கொட்டகையை விட்டு இறங்கிய மறுவாரமே, மண்டபத்துக்கு ஓர் இரவு இன்ன விலை என்று பத்திரிகையில் ஒரு வரி விளம்பரம் செய்யட்டும். நாற்காலி போடுவதையும், டிக்கெட்டுக் கிழிப்பதையும், கணக்கெழுதி அனுப்புவதையும் நாம் பார்த்துக்கொள்கிறோம்.